வினா எண் ஒன்பது

வினா எண் நான்கு இன்னும் முடிந்தபாடில்லை. தொகுதிக்குக் கால்நடை மருந்தகம் வருமா வராதா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு உட்கார வேண்டிய உறுப்பினர், தன் கட்சித் தலைவர் பிறந்த ஊர், தலைவரின் நடை, தலைவரின் சிரிப்பு என்று ஒரு ஊர்வலமே நடத்தி, மாட்டுக்கு ஊசி போடுகிற இடத்துக்கு வந்து சேருவதற்குள் நான்கு நிமிடத்தைத் தின்றுவிட்டார். ஆவுடைத்தங்கம் முன்னால் கிடந்த வினாப்பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு கோடு போட்டாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. இருபத்திரண்டு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவளுக்கு எதையும் எண்ணாமல் சும்மா உட்கார்ந்திருக்க வராது. அப்போது சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளை எண்ணினாள். சட்டமன்ற உறுப்பினராகி நாலாவது வருஷம் நடக்கிறது, இப்போது நன்றியை எண்ணுகிறாள். காலை பத்து மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கி இந்த இருபத்தாறு நிமிடத்தில் பத்தொன்பது நன்றி. மருந்தகம் தருகிறேன் என்ற அமைச்சருக்கு நன்றி, தர முடியாது என்ற அமைச்சருக்கும் நன்றி, பேச வாய்ப்புக் கொடுத்த பேரவைத் தலைவருக்கு நன்றி, பேச்சை நிறுத்தச் சொன்ன அதே தலைவருக்கு இன்னொரு நன்றி. கீழே நடுமேசையில் இரண்டு சுருக்கெழுத்தாளர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நன்றி என்பதைச் சுருக்கெழுத்தில் எப்படி எழுதுவார்கள்? ஒரு வளைவா, ஒரு புள்ளியா? இத்தனை தடவை வருகிற சொல்லுக்குக் கட்டாயம் சின்னதாக ஏதாவது வைத்திருப்பார்கள். ஒருநாள் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் என்ன நினைப்பாள்? இந்த அம்மாவுக்குக் கிறுக்கு என்று நினைப்பாள், நினைக்கட்டும். பட்டியலில் தங்கத்தின் பெயருக்கு எதிரே வினா எண் ஒன்பது என்று அச்சிட்டிருந்தது. பதினோரு மணிக்குள் ஒன்பது வருமா என்பதுதான் தெரியவில்லை.

வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. நேரம் முடிந்தது, மீதி வினாக்களுக்கான விடைகள் அவையின் முன் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று பேரவைத் தலைவர் சொல்லுவார். விடை தாளில் அச்சாகும், அவ்வளவுதான். எழுந்து நிற்க வேண்டியதில்லை. துணை வினா கேட்க வேண்டியதில்லை. வாயால் வருகிற விடைக்குத்தான் துணை வினா, ஒரு உறுப்பினருக்கு இரண்டு. தாளில் வருகிற விடையிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. வரட்டும், வரட்டும் என்று ஒரு மனசு சொல்ல, வராமல் போனால்தான் என்ன என்று இன்னொரு மனசு அடியில் கிடந்து முனகியது. பாலத்துக்காகப் போராடுகிறவள் என்று ஊரெல்லாம் பேரெடுத்தவளுக்கு இப்படி ஒரு மனசு இருப்பது வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். தங்கத்துக்கே சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. பக்கத்து இருக்கையில் தோழர் கதிரேசன், அவள் கட்சியின் நான்கே நான்கு உறுப்பினர்களுக்கும் அவையில் தலைவர், கண்ணை மூடி வாயில் ஓமத்தை அடக்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து யாராவது ஏமாந்தால் போச்சு. மனிதருக்குக் கண்ணைவிடக் காது பெரிசு.

இதே வினாவை இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டாயிற்று. கொழுமடை ஊராட்சி, கீழூர் மக்கள் தங்கள் இடுகாட்டுக்குச் செல்ல நெடுங்கால் வாய்க்காலின் குறுக்கே பாலம் அமைக்க அரசு முன்வருமா? அன்றைக்கு இரண்டாவது வினாவாகவே வந்துவிட்டது. அமைச்சர் எழுந்து, மாற்றுப் பாதை உள்ளதால் பாலம் அமைக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று வாசித்தார். தங்கம் எழுந்தாள். கையில் துணை வினா எழுதிய தாள் இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியது. வாயைத் திறந்தாள். மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு எங்கள் பகுதி மக்கள் சார்பாக நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று வந்தது. உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை, எல்லாரும் சொல்வதைத்தானே அவளும் சொன்னாள். ஆனால் அதை உள்ளூர் தொலைக்காட்சிக்காரன் எடுத்து, அமைச்சர் சொன்னதை வெட்டிவிட்டு, அவள் நன்றி சொன்னதை மட்டும் சாயங்காலச் செய்தியில் போட்டான். கீழூரில் வெடி வெடித்தார்கள். அம்மன் கோயில் வாசலில் பொங்கல் வைத்தார்கள். பாலம் தந்த நர்ஸம்மாவுக்கு நன்றி என்று அவள் படத்தோடு தட்டி வைத்தார்கள், படத்தில் அவளுக்குக் கொஞ்சம் உதட்டுச்சாயம் வேறு பூசியிருந்தான் அச்சகத்துக்காரன். நாலு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினவள் முதலில் பார்த்தது அந்தத் தட்டியைத்தான். பொங்கலைக் கையில் கொடுத்தார்கள். தின்றாள். தின்று முடித்த பிறகுதான் அமைச்சர் பாலம் இல்லை என்றதைச் சொன்னாள். அதை இன்றுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. முதலில் சொல்லிவிட்டுத் தின்றிருக்கலாம், அல்லது தின்னாமலாவது இருந்திருக்கலாம். யாரும் சண்டை பிடிக்கவில்லை. முத்துக்கனி மட்டும் எழுந்து வந்தாள். அவள் புருஷன் மாசானத்தைத்தான் அதற்கு ஆறு மாசம் முன்னால், மார்கழியில், வாய்க்கால் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போனார்கள். முத்துக்கனிக்குக் கோபமே இல்லை, அதுதான் கஷ்டம். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள். "அவரு இல்லன்னுதான சொன்னாரு நர்ஸம்மா? பெறவு நீங்க எதுக்கு நன்றி சொன்னீய?"

எதுக்குச் சொன்னேன்? இரண்டரை வருஷமாக இந்தக் கேள்வியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புண்ணைக் கட்டு பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவதைப் போல. பழக்கதோஷம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரிய டாக்டர் லீவு இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் தேங்க்ஸ் சார் என்றுதானே வெளியே வருவாள்? பிறகு, சபையைக் கண்ட மிரட்சி என்று சொல்லிக்கொண்டாள். அதுவும் ஒட்டவில்லை. வேலைநிறுத்தத்தில் பதினேழு நாள் சிறையில் இருந்தவள், சிறைக் கண்காணிப்பாளரிடமே கொசுவலை கேட்டுச் சண்டை போட்டவள், மிரளுகிற ஆளா? வினா எண் ஐந்து வந்தது. ஒரு ஏரியைத் தூர்வாருவது பற்றி. ஏரி எத்தனை ஏக்கர் என்று அமைச்சருக்கும் உறுப்பினருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. இருவரும் நேரில் போய்ப் பார்த்தார்களா என்று தங்கம் யோசித்தாள். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் அவள் எப்போதும் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். கூட இருக்கிற நாலு பொம்பளைகள் ஆளுக்கொன்று சொல்லுவார்கள், காதில் வாங்கிக்கொண்டு கையால் தொட்டுப் பார்ப்பாள். இந்த விஷயத்தில் மட்டும் ஏன் தொட்டுப் பார்க்காமலே இருக்கிறேன்? மாற்றுப் பாதை உள்ளதால் என்றாரே, எந்தப் பாதை என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கையில் இருந்த தாளில் அதைத்தானே முதல் துணை வினாவாக எழுதியிருந்தாள்? ஆமாம், அதைத்தான் எழுதியிருந்தாள். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும், சேலை முள்ளில் மாட்டினமாதிரி, அங்கேயே நின்றுவிட்டது. பட்டியலில் இருபத்து நாலாவது கோட்டைப் போட்டாள். ஆறாவது வினாவுக்குத் தலைவர் ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பாதை என்று கேட்டால் பதில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் விஷயம். வாய்க்கால்மேல் மேற்கே தள்ளி ஒரு பாலம் ஐம்பது வருஷமாக இருக்கிறது. தார் போட்ட நல்ல பாலம். மேலத்தெரு வழியாகப் போனால் பத்து நிமிடத்தில் இடுகாட்டுக்குப் போய்விடலாம். கீழூர்ப் பிணம் மேலத்தெரு வழியே போகாது. அதற்குப் பலகை கிடையாது, சட்டம் கிடையாது. போகாது, அவ்வளவுதான். தங்கம் பிறந்தது மேலத்தெருவில். அவளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒருதரம் மட்டும், ஐப்பசி வெள்ளத்தில், ஒரு பாடையோடு கீழூர்க்காரர்கள் தெருமுனைக்கு வந்தார்கள். தங்கத்தின் அப்பா வெள்ளையப்பன் எழுந்து போனார். பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்து போனார்கள். கம்பு இல்லை, அரிவாள் இல்லை, தோளில் துண்டோடு வரிசையாகக் குறுக்கே நின்றார்கள், கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பதுபோலத்தான் இருந்தது பார்க்க. மேளம் நின்றது. பாடை திரும்பியது. வீட்டுக்கு வந்த அப்பாவிடம், "ஏன்ப்பா திரும்பிப் போறாவ?" என்று கேட்டாள். "அவங்களுக்கு வழி தெரியும். நீ படி" என்றார். வழி தெரியும் என்றால் ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. அன்றைக்கு நின்றுபோன கேள்விகளில் அது ஒன்று. அப்பா நல்லவர், தங்கத்தை நர்ஸ் வேலைக்குப் படிக்க வைக்கத் தெருவையே எதிர்த்து நின்றவர். நல்லவர் என்பதையும் குறுக்கே நின்றவர் என்பதையும் சேர்த்து வைத்து ஒரு மனுஷனை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காலையில் உறுப்பினர் விடுதியில் தலை சீவிக்கொண்டிருக்கும்போது அண்ணன் லெட்சுமணன் போன் செய்தான். "ஏட்டி தங்கம், இன்னைக்கு நம்மூருக் கேள்வி வருதாமே?" வந்தாலும் வரும் என்றாள். "பாலத்தக் கேளு, வேண்டாங்கல. பாலம் வந்தா எல்லாருக்கும் நல்லதுதான். தெருவப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத. நீ மெட்ராஸ்ல பேசிட்டு உக்காந்துருவ. நாங்க இங்கன முழிக்கணும்லா." பிறகு அண்ணனே குரலைத் தணித்தான். "தை இருபதுல நம்ம மகாவுக்குக் கல்யாணம். அத்தைக்காரி நீ மேடையில நிக்கணும்னு புள்ள இப்பவே சொல்லிட்டுக் கெடக்கா. தெரு ஒதுங்கிப்போச்சுன்னா பந்தல்ல யாரு இருப்பா? நெனச்சுப் பாரு." மிரட்டவில்லை, கெஞ்சினான். மிரட்டியிருந்தால் தங்கத்துக்கு எளிது, மிரட்டினவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மகா அவள் கையில் பிறந்த பிள்ளை. தொப்புள்கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிப் பிறந்ததைத் தலைவழியே எடுத்து விட்டவள் இவள்தான். அந்தப் பிள்ளையின் பந்தல் காலியாகக் கிடப்பதை நினைத்தபோது கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் ஓட்டு. மேலத்தெரு என்பது ஒரு தெரு இல்லை, தொகுதியில் பதினைந்து ஊரில் அதே ஆட்கள். நம்ம வீட்டுப் பொண்ணு என்று போட்டார்கள். கட்சிக்காகப் போட்டவர்கள் அதில் பாதிகூட இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டில் ஜெயித்தவள். மூன்று மாவட்டம் தள்ளி ஒரு தெருவில் சுவர் எழுப்பினார்கள் என்றால் முதல் ஆளாகப் போய் நின்று தொண்டை கிழியப் பேசினாள், அங்கே யாருக்கும் அவள் அத்தை இல்லை. தன் ஊர் என்று வரும்போது மட்டும் அவள் பேச்செல்லாம் சமத்துவம், சமூகநீதி என்று பெரிய பெரிய சொல்லாகப் போய், தெருப்பெயர் வருகிற இடத்தில் மட்டும் தண்ணீர் குடிக்கும். தன்னைப் பற்றி இவ்வளவு அப்பட்டமாக நினைத்துப் பார்த்ததில் அவளுக்கு அவமானமும் இருந்தது, அதோடு, கட்டியை அமுக்கிப் பார்த்து இங்கேதான் என்று கண்டுபிடித்த ஒரு நர்ஸின் திருப்தியும் கொஞ்சம் இருந்தது.

இன்னும் கொஞ்சம் அமுக்கினால் மாசானத்தின் சாவுக்கு வந்துவிடும், வந்தது. அன்றைக்கு அவள் மாலையோடு போனாள். எம்.எல்.ஏ. ஆகி எட்டு மாசம். கீழூரில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் மார்பளவு தண்ணீர், பிசான நெல் பயிருக்குத் திறந்து விட்டிருந்த நேரம். நீங்க தண்ணிக்குள்ள வேண்டாம் நர்ஸம்மா, சுத்திப் போயிருங்க என்று யாரோ சொன்னார்கள். அவளும் சரி என்று சுற்றிப் போனாள். மேலத்தெரு வழியாக. அப்பா வீட்டைத் தாண்டி, திருகுக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சித்தியிடம் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாலத்தின்மேல் ஏறி, செருப்பு நனையாமல் இடுகாட்டில் போய் நின்றாள். அவள் போய் நின்று ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்கள், ஆறு பேர், கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. பாடையின் ஒரு ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. முத்துக்கனி அக்கரையிலேயே நின்றுவிட்டாள், தண்ணீரில் இறங்கி வர முடியாமல். அந்த ஆறு பேரும் தலையைக்கூடத் துவட்டாமல் மாலையை வாங்கி வைத்து, ஒதுங்கி நின்று, இவளுக்கு வழிவிட்டார்கள். வழிவிட்டார்கள்! பிணம் போக முடியாத தெருவில் இவள் பிணத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் அந்த நன்றி? மாற்றுப் பாதை என்று அமைச்சர் வாசித்த கணத்தில் தன் உடம்பு என்ன செய்தது என்று தங்கம் இப்போது நினைவுபடுத்திப் பார்த்தாள். தோள் இறங்கியது. மூச்சு வெளியே வந்தது. அவர் தெருப்பெயரைச் சொல்லவில்லை, அப்பாடா, சொல்லாமல் விட்டார். அந்த அப்பாடாவைத்தான் சபை நாகரிகம் கருதி அவள் நன்றி என்று சொல்லியிருக்கிறாள். இதுதானா? இவ்வளவுதானா? இரண்டரை வருஷமாகத் தேடின பொருள் இடுப்பிலேயே சொருகியிருந்திருக்கிறது.

கடிகாரத்தில் பதினொன்றுக்குப் பத்து நிமிடம். வினா ஏழு ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டம் என்று அதைச் சொல்லக்கூடாது, தவழ்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வராது என்று தங்கத்துக்குத் தோன்றியது. வராது என்று தெரிந்ததும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. அதுதான் புதிசாக இருந்தது. இது என்ன, இத்தனை நேரம் வராமல் போனால் தேவலை என்று முனகின மனசு எங்கே போயிற்று? உள்ளே தேடிப் பார்த்தாள். அதைக் காணோம், அல்லது பயந்து ஒளிந்திருக்கிறது. கதிரேசன் கண் திறக்காமலே சாய்ந்து, "பாலத்தை வாங்கிடும்மா, அது போதும். தேர்தலுக்குப் பதினஞ்சு மாசம்தான் இருக்கு. மத்ததை ஜெயிச்சு வந்து பேசிக்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான், தொழிலாளிக்காக அடிபட்டுக் காது கேட்காமல் போனவர், ஒரு காது. "ஜெயிச்சு வந்துதானே தோழர் உக்காந்திருக்கோம்" என்றாள் தங்கம். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அதற்குள் தலைவர் வினா எண் எட்டு என்று அழைத்தார். எட்டுக்கு உரிய உறுப்பினர் இருக்கையில் இல்லை. தேநீர் குடிக்கப் போனாரோ, வேறு எங்கேயோ. தலைவர் இரண்டாம் முறை அழைத்துப் பார்த்துவிட்டு, அடுத்து, வினா எண் ஒன்பது, மாண்புமிகு உறுப்பினர் ஆவுடைத்தங்கம் என்றார். தங்கம் எழுந்து நின்றாள்.

அமைச்சர் கோப்பைப் பிரித்து வாசித்தார். மாற்றுப் பாதை உள்ளதால் பாலம் அமைக்க வேண்டிய அவசியம் எழவில்லை. மேலும் இதே பொருள் குறித்து முன்பு அளிக்கப்பட்ட விடையை உறுப்பினர் ஏற்றுக்கொண்டு நன்றி தெரிவித்திருக்கிறார். அவையில் சிரிப்பு. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மேசையைக்கூடத் தட்டினார். தங்கத்தின் காது சூடேறியது. தாளைப் பார்க்காமல் கேட்டாள். "முதல் துணை வினா, தலைவர் அவர்களே. அந்த மாற்றுப் பாதை எது?" கேட்டுவிட்டாள். மேலத்தெரு என்ற பெயர் அமைச்சர் வாயிலிருந்து வந்து விழப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அமைச்சர் கோப்பைப் புரட்டினார். இந்தப் பக்கம் புரட்டினார், அந்தப் பக்கம் புரட்டினார். அதிகாரிகள் இருக்கிற இடத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கைமாறிக் கைமாறி வந்தது. வாசித்தார். நெடுங்கால் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறும்படியாக, பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மண் தடம் ஒன்று உள்ளது, மே மாதம் பத்தொன்பதாம் தேதி கள ஆய்வில் நல்ல நிலையில், உலர்ந்து... என்று வாசித்துக்கொண்டே போனவர் நிறுத்தினார். அவரும் ஆற்றுப்பாசன ஊர்க்காரர்தான். வாய்க்காலையே பாதை என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "மே மாசம் எந்த வாய்க்கால்ல சார் தண்ணி வரும்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, அவை கொல்லென்று சிரித்தது. தங்கத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மேலத்தெரு அந்தக் கோப்பிலேயே கிடையாது! எதைச் சொல்லிவிடுவார்களோ என்று இரண்டரை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாளோ, அது யாருக்கும் தெரியவே தெரியாது. தெரிந்தவள் இந்த மண்டபத்தில் அவள் ஒருத்திதான்.

அமைச்சர் கோப்பை மூடி வைத்தார். தவறு நேர்ந்திருக்கிறது, இந்த நிதியாண்டிலேயே அங்கே பாலம் கட்டித் தரப்படும் என்றார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். கதிரேசன் ரெண்டு கையாலும் தட்டிவிட்டு, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார், உட்காரம்மா என்று. பேரவைத் தலைவருக்கும் முகம் மலர்ந்துபோயிருந்தது, கேள்வி நேரம் இப்படி முடிந்தால் அவருக்கும் நல்லதுதானே. "கேட்டது கிடைச்சிடுச்சு. நன்றி சொல்லிட்டு உட்காருங்கம்மா" என்றார். பாலம் வரும். இனிமேல் கீழூர்ப் பிணம் நனையாது. மேலத்தெரு வழியாகப் போக வேண்டிய தேவையே இருக்காது, யாரும் குறுக்கே நிற்க வேண்டியதிருக்காது, எதையும் யாரும் சொல்ல வேண்டியதிருக்காது. மகாவின் பந்தல் நிறையும். எல்லாருக்கும் நல்லது. தெரு அப்படியே இருக்கும், தனிப் பாலத்தைக் காட்டி, உங்களுக்குத்தான் வழி இருக்கே என்று இன்னும் நூறு வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டு இருக்கும். கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

"இரண்டாவது துணை வினா இருக்கு, தலைவர் அவர்களே" என்றாள் தங்கம். "அந்த வாய்க்கால்மேல ஏற்கெனவே ஒரு பாலம் ஐம்பது வருஷமா இருக்கு. மேலத்தெரு வழியாப் போகணும். அந்தத் தெருவுல கீழூர்ப் பிணத்தை விடுறதில்ல. விடாம குறுக்க நின்னவங்கள்ல எங்க அப்பா உண்டு. இன்னைக்கும் விடமாட்டேங்கிறவங்கள்ல எங்க அண்ணன் உண்டு. மூணு வருஷம் முன்னால ஒரு சாவுக்கு, பிணம் தண்ணிக்குள்ள போக, நான் அந்தத் தெரு வழியா நனையாம நடந்து போனேன். புதுப் பாலம் கட்டுங்க, வேணும். அதோட, அந்தப் பழைய தெருவத் திறக்க அரசு என்ன செய்யும்னு சொல்லுங்க." பேரவைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர், இரக்கமானவர். உறுப்பினர்கள் வாய் தவறிச் சொன்னதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கி எத்தனையோ பேரைக் காப்பாற்றியவர். முன்னால் சாய்ந்து, ஒலிவாங்கியைக் கையால் பாதி மூடிக்கொண்டு, மகளிடம் கேட்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டார். "இது அப்படியே பதிவாகும்மா. குடும்பத்தைப் பத்தியெல்லாம் சொல்றீங்க. நீக்கிடச் சொல்லட்டுமா?" மகாவின் முகம் வந்தது. அண்ணன் கெஞ்சின குரல் வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், தலைவர் அவர்களே. எங்க அப்பா பேரு வெள்ளையப்பன். அண்ணன் பேரு லெட்சுமணன். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. என் பேரு உங்க பட்டியல்லயே இருக்கு."